முதல் கட்டு ஹாஃபிஸாவுக்கு

ஷார்ஜா
29 மார்ச் 2020

அறிவு,

வாட்ஸ்ஆப்பில் கூப்பிட்டுப் பேசலாம் என்றால் இந்த நாட்டில் அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். காசு போட்டு போன் பண்ணினால் நீ ஹலோ சொல்வதற்குள் நான் அழுதுவிடுவேன். ஆகவே தஞ்சாவூர் காலேஜ் விடுதியை விட்டு வந்த நாளிலிருந்து நாம் செய்கிற மாதிரியே உட்கார்ந்து எழுதுகிறேன். மெயில்தான் என்றாலும் கடிதம் என்று நினைத்தே படி.

விஷயம் ஹாஃபிஸாவைப் பற்றி. என் தங்கை கல்யாணத்துக்குக் கூத்தாநல்லூர் வந்து மூன்று தட்டு பிரியாணி சாப்பிட்டவள் நீ, மறந்திருக்க மாட்டாய். இங்கே ஷார்ஜாவில் அவள் நர்ஸாக இருக்கிற ஆஸ்பத்திரியில் அவளைக் கொரோனா வார்டில் போட்டுவிட்டார்கள். கவச உடை இல்லை. போட்டதையே கழற்றிக் காயவைத்துத் திரும்பப் போடுகிறார்களாம். நேற்று யாரோ கொடுத்த மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்திருக்கிறாள். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எங்கள் கடை பேக்கிங் சாமான் கடை. டேப், அட்டைப்பெட்டி எல்லாம் சீனாவிலிருந்து வாங்கி ஆப்பிரிக்கா வரை அனுப்புகிறோம். உலகமே நம் கை வழியாகத்தான் போகிறது என்று என்னோடு கடையை நடத்துகிற யூசுப் மச்சான் வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார். அந்த உலகத்தில் இன்று ஓர் உடுப்பு கிடைக்கவில்லை. சீனாவில் கேட்டால் எங்களுக்கே போதவில்லை என்கிறார்கள். துருக்கியில் கேட்டால் ஏற்றுமதிக்குத் தடை. ஜெர்மனியில் கேட்டாலும் தடை. காசை வைத்துக்கொண்டு நிற்கிறோம், விற்கத்தான் ஆள் இல்லாத கடையாக இருக்கிறது உலகம்.

அப்போதுதான் உன் நினைவு வந்தது. நீ நெல் மூடுகிற தார்ப்பாய் செய்கிறவள். தண்ணீர் புகாத துணியைத் தைக்கவும் சூட்டுக் காற்றில் ஒட்டவும் உன்னிடம் மெஷின் இருக்கிறது. நெல்லுக்குச் சட்டை தைப்பவள் என் தங்கைக்கு ஒரு சட்டை தைக்க மாட்டாயா?

துஆ செய்துகொண்டே காத்திருக்கிறேன்.

கமர்


தஞ்சாவூர்
5 ஏப்ரல் 2020

கமர்,

மூன்று தட்டு இல்லை, இரண்டரை.

நீ எழுதிய இரண்டொரு நாளில் கலெக்டர் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். மாவட்டத்தில் தையல் மெஷின் வைத்திருக்கிற அத்தனை பேரும் போனோம். ஸ்கூல் யூனிபார்ம் தைப்பவர், பந்தல் துணி தைப்பவர், நான். நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஓர் அதிகாரி எழுந்து, "வெளிநாட்டுல இருந்து இனிமே எதுவும் வராதுங்க. நம்மளே செஞ்சாத்தான் உண்டு. எத்தனை பேரால முடியும்?" என்று கேட்டார். எல்லாரும் கை தூக்கினோம். பொய் சொல்லவில்லை, எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் தைக்கிற பொருளை இத்தனை பெரிய மனிதர்கள் அதுவரை கேட்டதில்லை.

யூனிட்டுக்கு வந்து மேஜைமேல் துணியைப் பரப்பிய பிறகுதான் கை தூக்கியது எவ்வளவு சுலபம் என்று புரிந்தது. துணி திருப்பூரில் கிடைக்கிறது. ஜிப் கிடைக்கிறது. தைத்துவிடலாம். தைத்தால் ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. அந்த ஓட்டைமேல் ஒரு டேப்பை வைத்துச் சூட்டுக் காற்றில் ஒட்டினால்தான் அது கவச உடை, இல்லையென்றால் வெறும் வெள்ளைச் சட்டை. அந்த டேப்பை நம் நாட்டில் செய்பவர்களைத் தேடு தேடென்று தேடினேன். நான் விசாரித்த வரையில் ஒருவரும் இல்லை. வெளியிலிருந்து மலிவாக வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் செய்யத் தோன்றவில்லை. திருப்பூரில் தெரிந்தவர் ஒருவர் தன்னிடம் மிச்சமிருந்த ஒரு சுருளைக் கொடுத்தார். அதை வைத்து மாதிரி தைத்துக் கோயம்புத்தூருக்குச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன்.

கோடை நெல் அறுப்புக்குத் தார்ப்பாய் கேட்டிருந்தவர்களுக்கெல்லாம் இப்போது முடியாது என்று சொல்லிவிட்டேன். மனசு கேட்கவில்லை. களத்துமேட்டில் நனைந்து முளைவிட்ட கூலி நெல்லை அழுதுகொண்டே அவித்தவள் என் அம்மா. அதைப் பார்த்து வளர்ந்ததால்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். நெல்லைவிட உயிர் பெரிது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நீ டேப் விற்கிறவள். எப்படியாவது அனுப்பு. தைத்து முடித்ததும் முதல் கட்டு ஹாஃபிஸாவுக்கு. இது சத்தியம்.

அறிவு


ஷார்ஜா
14 ஏப்ரல் 2020

அறிவு,

டேப் கிளம்பிவிட்டது. கார்கோ விமானத்தில் சென்னை, அங்கிருந்து லாரி. மருந்துச் சாமானை நாட்டைவிட்டு வெளியே கடத்தவில்லை, வெறும் டேப்தான் என்று விளங்க வைப்பதற்குள் யூசுப் மச்சானுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

எங்கே கிடைத்தது என்று கேட்காதே. புதுச் சரக்குக்கு எப்போதோ பணம் கட்டியாயிற்று. அது சீனத் துறைமுகத்திலேயே நிற்கிறது, ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்துச் சோதிக்கிறார்களாம். கையில் இருந்ததைத் திரட்டி அனுப்பியிருக்கிறேன். பெட்டிகள் நசுங்கிக் கிடந்ததால் புது அட்டைப்பெட்டியில் மாற்றிக் கட்டினேன், பார்க்க லட்சணமாக இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஹாஃபிஸாவுக்கு அனுப்புகிற கட்டில் மட்டும் டேப்பை இரட்டையாக ஒட்டிவிடு. ஒன்றின்மேல் ஒன்று. பைத்தியம் என்று நினைத்துக்கொள், பரவாயில்லை. அக்கா மனசு.

நோன்பு வருகிறது. இந்த வருஷம் பள்ளிவாசல் இல்லை, கூட்டம் இல்லை. கஞ்சி காய்ச்சினால் யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை.

கமர்


தஞ்சாவூர்
2 மே 2020

அன்புள்ள கமருன்னிஸாவுக்கு,

டேப் வந்து சேர்ந்தது. மாதிரி உடை சோதனையில் தேறிவிட்டது. வேலை முழு வேகத்தில் நடக்கிறது. இங்கே ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டோம், இன்னும் கேட்கிறார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் என் படத்தோடு செய்தி போட்டார்கள்.

அமிர்தத்தை உனக்கு நினைவிருக்கும். நீ போன தடவை வந்தபோது என் யூனிட்டில் உனக்கு டீ போட்டுக் கொடுத்து, உன் சேலை பார்டரையே பார்த்துக்கொண்டு நின்ற பெண். தார்ப்பாய் வேலை சீசனுக்கு சீசன்தான் என்று அந்த ஆஸ்பத்திரியிலேயே துப்புரவு வேலைக்குப் போய்விட்டாள். நாங்கள் தைத்த உடையைப் போட்டுக்கொண்டு வார்டு வாசலிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். "அக்கா, நம்ம கம்பெனி டிரெஸ்ஸுக்கா! வேர்த்து ஊத்துது, ஆனா இப்ப பயமா இல்லக்கா" என்று ஒரே குதி. நானும் சிரித்தேன்.

ஹாஃபிஸாவுக்கு அனுப்ப முடியவில்லை. கவச உடை எதுவும் நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்று அரசு தடை போட்டிருக்கிறது. மீறினால் யூனிட்டையே மூடிவிடுவார்கள். தபாலிலோ கார்கோவிலோ வழி இல்லை. சட்டம் இப்படி இருக்கும்போது நான் என்ன செய்ய முடியும் என்று நீயே சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அறிவுமதி


ஷார்ஜா
18 மே 2020

அறிவுமதி அம்மையாருக்கு,

முழுப் பெயர் போட்டு எழுதினாயே, நானும் அப்படியே எழுதுகிறேன்.

தடை எனக்கும் தெரியும். நானும் வியாபாரிதான். அதனால்தான் குந்தவையை உன்னிடம் அனுப்பினேன். கும்பகோணத்துப் பெண், ஹாஃபிஸாவோடு வேலை பார்க்கிறவள், லீவில் வந்து மாட்டிக்கொண்டவள். நர்ஸுகளை மட்டும் திரும்ப அழைத்துப் போகிற விமானத்தில் இடம் கிடைத்தது. தன் துணிமணியை எல்லாம் வீட்டில் போட்டுவிட்டுக் காலிப் பையோடு உன் யூனிட் வாசலுக்கு வந்தாள். பத்து உடுப்பு கேட்டாள். அவள் போட்டுக்கொண்டு போவதற்கென்று சொன்னால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். நீ கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, அவளுக்குத் தண்ணீர் பாட்டிலும் முறுக்குப் பொட்டலமும் கொடுத்து அனுப்பியிருக்கிறாய். முறுக்கு! வந்து சேர்ந்தது, ருசியாக இருந்தது என்று குந்தவை சொன்னாள்.

அவள் பின்னால் வெள்ளை வெள்ளையாக மலைபோல அடுக்கியிருந்ததைப் பார்த்தாளாம்.

ஹாஃபிஸாவுக்கு வந்துவிட்டது. போன வியாழக்கிழமை. மூச்சு முட்டுகிறது, படுக்கையில் குப்புறப் போட்டிருக்கிறார்கள். அவள் வேலை பார்த்த வார்டிலேயே அவள் நோயாளி.

உன்னோடு ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்தேன். உன் அப்பா இறந்தபோது ராத்திரி பஸ்ஸில் உன்னோடு வந்தேன். எனக்கு நீ எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு சத்தியம். சட்டத்தைக் கட்டிக்கொண்டு நீயே இரு. பத்திரிகைப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொள்.

இனி எழுத வேண்டாம்.

கமருன்னிஸா


தஞ்சாவூர்
21 மே 2020

கமர்,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் படி, பிறகு உன் இஷ்டம்.

நீ திட்டியதில் ஒரு வார்த்தைகூட அதிகம் இல்லை. ஆனால் நான் சட்டத்துக்குப் பயந்து குந்தவையைத் திருப்பி அனுப்பவில்லை. சட்டம் எனக்கு வசதியாகக் கிடைத்த சாக்கு.

ஹாஃபிஸாவின் கட்டைத்தான் முதலில் தைத்தேன். நீ சொன்னபடி இரட்டையாக ஒட்டினேன். எப்படி அனுப்புவது என்று விசாரிக்க, அந்தக் கட்டைக் காரில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வெயிலில் காரை நிறுத்திவிட்டு ஒரு ஆபீசுக்குள் போய்த் திரும்பினால், தோள் தையலில் டேப் ஓரம் சுருண்டு கிடந்தது. விரலால் இழுத்தேன். வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது. இன்னொன்றை எடுத்து இழுத்தேன், அதுவும். அங்கேயே காருக்குள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் உரித்துப் பார்த்தேன்.

அன்று காலைதான் இங்கே ஆஸ்பத்திரிக்கு எங்கள் சரக்கு போயிருந்தது. சோதனையில் தேறியது திருப்பூர் சுருளில் ஒட்டிய மாதிரி. போனது உன் சுருளில் ஒட்டியது. அது எனக்குத் தெரியாமல் போனது என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்த வாரம் இன்னொரு லோடு போனதே, அது தெரிந்து போனது.

என்னிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. தினமும் போன் வந்தது. வேறு டேப் இல்லை. வார்டுக்குள் ஏசி இருக்கிறது, உரியாது. ஒன்றும் இல்லாததற்கு இது மேல். நாடே இப்படித்தானே சமாளிக்கிறது. ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் குந்தவை காலிப் பையோடு வந்து நின்றபோது அதில் ஒரு நியாயமும் வாயில் வரவில்லை. ஹாஃபிஸா என்ற பெயரைக் கேட்டதும், இதைக் கொடுக்காதே, அந்தப் பிள்ளை நம்பிப் போட்டுக்கொள்வாள் என்று என் மனசு கத்தியது. அமிர்தம் வீடியோவில் குதித்தபோதும் எனக்கு விஷயம் தெரியும், கமர். அப்போது என் மனசு வாயைத் திறக்கவில்லை.

அமிர்தத்துக்கும் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அட்மிட் பண்ணியிருக்கிறார்கள். அவள் மாமியார் தங்கம்மாளையும் நேற்றுக் கொண்டுபோனார்கள். தையல் வழியாகத்தான் வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அந்த எண்ணம் எனக்கு ஆறுதலாக இருக்கிறது என்பதை நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். இரட்டையாக ஒட்டு என்று எழுதினாயே. அக்கா மனசு என்று நம்பினேன். இப்போது அந்த வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். உனக்குத் தெரியுமா?

அறிவு


ஷார்ஜா
27 மே 2020

அறிவு,

தெரியும்.

பெருநாள் அன்றே எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அந்தச் சுருள்கள் இரண்டு கோடை எங்கள் கோடவுனில் கிடந்தவை. ஏசி ரிப்பேரான கோடவுன். இந்த ஊர் கோடையில் தகரக் கூரைக்குக் கீழே பசை என்னவாகும் என்று டேப் விற்கிறவளுக்குத் தெரியாதா? கழிவு என்று ஒதுக்கி வைத்திருந்தோம். பெட்டி நசுங்கியதால் மாற்றவில்லை, பழைய பெட்டியில் தேதி அச்சடித்திருந்ததால் மாற்றினேன்.

நல்ல சுருள்களும் கொஞ்சம் இருந்தன. இங்கே ஒரு கம்பெனிக்காரன் வந்து, ஹாஃபிஸாவின் ஆஸ்பத்திரிக்கே தைக்கப் போகிறோம், டேப் கொடுங்கள் என்றான். தூக்கிக் கொடுத்துவிட்டேன். கூடுதலாக உன்னிடமிருந்தும் வந்தால் நல்லது என்று பழையதை உனக்கு அனுப்பினேன். உன் பக்கம் தைக்கிறதெல்லாம் என் தங்கைக்கு மட்டுமா போகும் என்று யோசித்தேனா என்றால், யோசித்தேன். யோசித்துவிட்டு, இரட்டையாக ஒட்டு என்று எழுதினேன். அந்தக் கம்பெனிக்காரன் தைத்ததை அதிக விலை கொடுத்த வேறு நாட்டுக்கு ஏற்றிவிட்டான். ஹாஃபிஸாவுக்கு எதுவுமே வரவில்லை.

உன் கடிதத்தில் அது உரிந்து வந்ததைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? நல்லவேளை, அவளுக்குப் போகவில்லை என்ற நிம்மதி. அமிர்தம் பெயரைப் படித்தது அதற்கப்புறம்தான். அந்த நிம்மதிக்காக அல்லாஹ் என்னைக் கேட்பான்.

ஹாஃபிஸா கண் திறந்து பேசுகிறாள், அல்ஹம்துலில்லாஹ். உன்னைத் திட்டி எழுதியதை எல்லாம் என் பெயருக்கு மாற்றிப் படித்துக்கொள்.

ஒன்று செய். மிச்சம் இருப்பதை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்ப எடுத்துவிடு. யார் கேட்டாலும் என் பெயரைச் சொல், டேப் கொடுத்தவள் கெட்டதைக் கொடுத்துவிட்டாள் என்று சொல். இன்றே போ.

கமர்


தஞ்சாவூர்
3 ஜூன் 2020

கமர்,

எடுத்துவிட்டேன். ஸ்டோரில் இருந்த டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "அதுக்குப் பதிலா இன்னிக்கு என்னத்தம்மா போடுவாங்க?" என்று மட்டும் கேட்டார். பழைய மழைக்கோட்டுகளை எடுத்துவரச் சொன்னார். ஆர்டர் ரத்தாகிவிட்டது.

உன் பெயரைச் சொல்லவில்லை. ஒட்டியது என் மெஷின், அனுப்பியது என் கை.

அமிர்தம் தேறி வருகிறாள். தங்கம்மாள் நேற்று இறந்துவிட்டார். மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோனார்கள். அமிர்தத்துக்கு இன்னும் சொல்லவில்லையாம்.

அறிவு


ஷார்ஜா
12 செப்டம்பர் 2020

அறிவு,

ஜூனுக்குப் பிறகு நீ எழுதவில்லை. நானும் எழுதவில்லை. என்ன எழுதினாலும் நடந்ததைச் சுற்றித்தான் வரும் என்று விட்டுவிட்டேன்.

துறைமுகத்தில் நின்றிருந்த சரக்கு எல்லாம் ஒரே மூச்சில் வந்து இறங்கிவிட்டது. நல்ல டேப், புத்தம் புதியது, முன்பு இருந்ததைவிடப் பாதி விலை. வாங்கத்தான் ஆள் இல்லை. கவச உடையும் அப்படித்தான். ஹாஃபிஸாவின் ஆஸ்பத்திரியில் வைக்க இடமில்லாமல் வராந்தாவில் அடுக்கியிருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் தடையை எடுத்துவிட்டார்களாமே. வேண்டிய மாதத்தில் ஒவ்வொரு நாடும் தன் கதவைச் சாத்திக்கொண்டது, இப்போது எல்லாரும் வாசலில் நின்று வா வா என்கிறார்கள். உனக்கு டேப் வேண்டுமானால் சொல், அடக்க விலைக்கே அனுப்புகிறேன். இந்தத் தடவை பெட்டியை மாற்றாமல்.

ஹாஃபிஸா வேலைக்குத் திரும்பிவிட்டாள். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றுகொள்கிறாள், மற்றபடி நலம். போன வாரம் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பழைய டேப், உன் கார், குந்தவையின் காலிப் பை, எல்லாம். கோபப்படுவாள் என்று பார்த்தேன். ஒன்றுதான் கேட்டாள்.

"எனக்கு வரலக்கா, சரி. அங்க அதை யாரு போட்டா? அவங்களுக்குத் தெரியுமா?"

உனக்குத் தெரிந்திருக்கும்.

கமர்


தஞ்சாவூர்
25 அக்டோபர் 2020

கமர்,

ஹாஃபிஸாவின் கேள்வி ஒரு மாதத்துக்கு மேலாக என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இவ்வளவு தாமதம்.

முதலில் டேப் விஷயம். ஜூலையில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒருவர் அதைச் செய்ய ஆரம்பித்தார். கடன் வாங்கி மெஷின் போட்டு, முதலில் சொதப்பி, பிறகு நன்றாகவே செய்தார். மிச்சக் கவச உடையை எல்லாம் அவர் டேப்பில்தான் மறுபடி ஒட்டினேன், வெயிலில் காயப்போட்டும் அசையவில்லை. இப்போது வெளிச்சரக்கு வந்து இறங்கியதும் அவருக்கு ஆர்டரே இல்லை. மெஷினை விற்க ஆள் பார்க்கிறார். நீ எழுதிய விலையைப் பார்த்ததும் எனக்கும் கை அரித்தது, உன்னிடம் மறைக்க மாட்டேன். அடுத்த தடவை அவசரம் வந்தால் மறுபடி உன் கோடவுனைத்தான் தேட வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அவருக்கே ஆர்டர் கொடுத்தேன். என் ஒரு ஆர்டரில் அவர் தாக்குப்பிடிப்பாரா என்று தெரியாது. கோபித்துக்கொள்ளாதே.

தைத்த உடுப்புகள் விற்கவில்லை. சுவரோரம் கூரை வரைக்கும் கிடக்கின்றன. இங்கே குறுவை அறுப்பு, கூடவே மழை. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் குவியல் குவியலாக நனைகிறது. கோடையில் தார்ப்பாய் இல்லை என்று நான் திருப்பி அனுப்பிய அதே விவசாயிகள் மறுபடி வந்து நின்றார்கள். ஒருவர், "அப்ப உசுருக்குன்னு சொன்னீங்க, சரின்னு போனோம். இப்ப யாருக்கும்மா தைக்கிறீங்க?" என்றார். அன்றே உடுப்புகளைப் பிரித்து, துணியை நீளநீளமாக இணைத்து நெல் மூட முடிவு செய்தேன். பிரிக்க ஆள் வேண்டும் என்று சொல்லியனுப்பினேன்.

அமிர்தம் வந்தாள். ஆஸ்பத்திரியில் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டதாம். ஆள் பாதியாகிவிட்டாள். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க தைச்சுக் குடுத்த டிரெஸ்ஸாலதான்க்கா நான் பொழச்சேன். அது இல்லாத பிள்ளைங்களுக்கு மொத மாசமே வந்துடுச்சு. எங்க அத்தைக்குத்தான் குடுத்து வைக்கல" என்றாள். அது உண்மையாகக்கூட இருக்கலாம், கமர். நான் அப்படியே விட்டிருக்கலாம். அவள் நிம்மதியாக இருந்திருப்பாள், நானும் இருந்திருப்பேன்.

உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாள். அந்தக் குவியலில் ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்ப எடுத்து வந்த பழைய உடுப்பு ஒன்று, மறுபடி ஒட்டாமல் தவறி, கலந்திருந்தது. கத்தரியே வைக்காமல் டேப் அவள் கையோடு வந்துவிட்டது. "இது என்னக்கா, இப்படி வருது?" என்று சிரித்தாள். ஹாஃபிஸாவின் குரலை நான் கேட்டே பல வருஷம் ஆகிறது, ஆனால் அப்போது அந்தக் கேள்வியை அவள் குரலிலேயே கேட்டேன்.

சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முதல் லோடு தெரியாமல் போனது, இரண்டாவது தெரிந்து போனது, ஹாஃபிஸாவுக்கு அனுப்பாமல் நிறுத்தியது, அவள் வீடியோவில் குதித்தபோதே எனக்குத் தெரியும் என்பது வரைக்கும். அழுதேன். அவள் அழவில்லை. கையிலிருந்த டேப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அந்த ஷார்ஜா அக்காவோட தங்கச்சிக்கு மட்டும் ஏங்க்கா அனுப்பல?"

"பிரிஞ்சுடுமேன்னு பயமா இருந்துச்சு அமிர்தம்."

அவள் கத்தரியை மேஜையில் வைத்தாள், குழாயடியில் கை கழுவினாள், போய்விட்டாள். அவள் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றேன். உள்ளே ஆள் இருக்கிற சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. இனி வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். வராவிட்டால் அது எனக்குச் சரியான தண்டனை என்றும் நினைத்தேன்.

நேற்றுக் காலை வந்துவிட்டாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள், வேறு வேலை ஏது. தன் பழைய மெஷினில் போய் உட்கார்ந்து, பிரித்த துணிகளை இணைத்துத் தைக்க ஆரம்பித்தாள். நேர்த்தியான தையல், முன்பு போலவே. மதியத்துக்குள் ஒரு குவியல் நெல்லை மூடுகிற அளவுக்குத் தைத்துவிட்டாள். வண்டி வந்து எடுத்துப் போயிற்று. நான் டீ கொண்டுபோய் வைத்தேன், குடித்தாள்.

இத்தனை வருஷத்தில் அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடாமல் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சாயங்காலம் போல மெஷினை நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"மேடம், வெள்ளை நூல் தீந்துடுச்சு."

எடுத்துக் கொடுத்தேன்.

அறிவு